பத்து முறை, நான்கு வாரம்

சென்ற குளிர்காலத்தில் எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. தமிழ்வழியில் உளவியல் படிக்கும் மாணவர்களுக்கான பாடநூல். தில்லியில் இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு இதில் மிரள எதுவும் இல்லை. உர மூட்டைக் குறிப்பிலிருந்து நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வரை எல்லாவற்றையும் தமிழாக்கிக் கூலி வாங்கியிருக்கிறேன். ஆனால் ஏழாவது அத்தியாயத்துக்கு வந்ததும் ஒன்பது நாட்கள் நகரவே முடியவில்லை.

ஏழாவது அத்தியாயம் குற்றமும் மனநோயும் பற்றியது. எட்டாவது, விளையாட்டு வீரர்களின் மனம் பற்றியது. இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு பேராசிரியர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததற்கான அறிகுறி இல்லை. இரண்டிலும் ஒரே பெயர் உதாரணமாக வந்தது: மோனிகா செலஸ்.

அந்தப் பெயர் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. 1993 ஏப்ரல் 30. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கால் இறுதி ஆட்டம். உலகின் முதல் நிலை வீராங்கனையான செலஸுக்கு அப்போது வயது 19. அதற்குள் எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றிருந்தார். பல்கேரியாவின் மக்தலேனா மலீவாவுக்கு எதிராக 6-4, 4-3 என்று முன்னணியில் இருந்தார். இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து சற்றே முன்னால் குனிந்தார். பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்த ஒருவன் பின்னாலிருந்து கத்தியால் குத்தினான். கத்தி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் இறங்கியது. அவன் பெயர் குந்தர் பார்ஹே. வேலையில்லாத கடைசல் தொழிலாளி. வயது 38. ஸ்டெஃபி கிராஃபின் வெறிகொண்ட ரசிகன். செலஸ் ஆட்டத்தை விட்டுப் போனால் ஸ்டெஃபி மறுபடி முதலிடத்துக்கு வருவார் என்பது அவன் கணக்கு. கணக்கு தப்பவில்லை. ஸ்டெஃபி முதலிடத்துக்கு வந்தார்.

ஏழாவது அத்தியாயத்துக்கு இந்தச் சம்பவத்தில் அக்கறை குத்தியவன் மீது. அவனுடைய மனம் எந்த நிலையில் இருந்தது, அதைக் கோர்ட்டில் எப்படி அளந்தார்கள் என்பது மீது. எட்டாவது அத்தியாயத்துக்கு அக்கறை செலஸ் திரும்பி வந்த விதத்தில். 27 மாதங்கள் கழித்து 1995 ஆகஸ்டில் கனடாவில் ஆடிய முதல் தொடரையே வென்றார், அடுத்த மாதம் அமெரிக்க ஓப்பனின் இறுதிவரை போய் ஸ்டெஃபியிடம் தோற்றார், 1996 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் பட்டம் பெற்றார் என்று வரிசையாகச் சொல்லி, மீள்திறனுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்கிறது. இரண்டு அத்தியாயத்துக்கும் நடுவே அந்த 27 மாதங்கள் இருக்கின்றன. காயம் சில வாரங்களில் ஆறிவிட்டது. பிறகு ஏன் 27 மாதங்கள் என்று இரண்டு பேராசிரியர்களும் கேட்கவில்லை.

முதலில் என்னை நிறுத்தியது அத்தியாயத்தின் தலைப்புதான். ‘ஃபோரன்சிக்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் ‘தடயவியல்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. கைரேகை, ரத்தக்கறை, கூரையில் சிக்கிய துப்பாக்கிக் குண்டு என்றால் பொருந்தும். மனநல மருத்துவத்தோடு சேர்த்து ‘தடயவியல் மனநல மருத்துவம்’ என்றால் டாக்டர் பூதக்கண்ணாடியோடு மூளைக்குள் நுழைவதுபோல் இருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லின் மூலத்துக்குப் பொருள் ஊர் கூடி வழக்குப் பேசும் இடம், அதாவது நம்முடைய மன்று. ‘சட்ட மனநல மருத்துவம்’ என்று போட்டேன். சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். சிறு வயது, மிகவும் மரியாதையானவர். “மேடம், கலைச்சொல் பட்டியல்ல தடயவியல்னுதான் இருக்கு” என்றார். விட்டுக்கொடுத்தேன். சண்டையை வேறு இடத்துக்குச் சேமித்து வைப்பது மொழிபெயர்ப்பாளருக்கு முதல் பாடம்.

அடுத்த முட்டுக்கட்டை ஹாம்பர்க் கோர்ட்டின் தீர்ப்பு. பார்ஹே மீது கொலை முயற்சிக் குற்றம் நிற்கவில்லை. உடலில் கொடுங்காயம் விளைவித்ததாகத் தீர்ப்பு. அவனுடைய மனம் இயல்பு பிறழ்ந்தது என்று நிபுணர் சாட்சி சொன்னார். 1993 அக்டோபரில் இரண்டு வருடத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். 1995-ல் மறுவிசாரணையிலும் அதே முடிவு. ஜெர்மன் குற்றச் சட்டத்தில் 20-ம் பிரிவு, மனநோயால் குற்றப் பொறுப்பே இல்லாதவர்களைப் பற்றியது. 21-ம் பிரிவு நடுவழி: பொறுப்பு உண்டு, ஆனால் அதை உணர்ந்து நடக்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. இந்த நடுவழிக்கு என்ன சொல் போடுவது? ‘குறைந்த பொறுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். தாசில்தார் அலுவலகத்தில் யாரோ இளநிலை உதவியாளராகச் சேர்ந்ததுபோல் இருந்தது. 

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த நடுவழி இல்லாததால்தான் சொல்லும் இல்லை என்று பிறகு புரிந்தது. 1843-ல் லண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவன் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றான். பீல் என்று நினைத்துச் சுட்டதாக அப்போதிருந்தே சொல்லப்படுகிறது. சித்தம் கலங்கியவன் என்று அவனை விடுவித்ததில் நாடே கொதித்தது. அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் நீதிபதிகள் வகுத்த விதி, 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ம் பிரிவாக வந்து உட்கார்ந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ம் பிரிவு. எண் மாறியதே தவிர கேள்வி அதேதான்: என்ன செய்கிறோம் என்றோ, அது தவறு என்றோ, சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத அளவுக்கு மனம் கெட்டிருந்ததா? 2023 ஆகஸ்டில் வந்த மசோதாவில் ‘மன நோய்’ என்று மாற்றிப் பார்த்தார்கள். டிசம்பரில் நிறைவேறியபோது பழைய வாசகமே திரும்பிவிட்டது. அந்த வாசகத்துக்கு நம் கோர்ட் செய்திகளில் படித்துப் பழகிய சொல், சித்த சுவாதீனம் இல்லாமை. சுவாதீனம் என்றால் தன் வசத்தில் இருப்பது. சட்டம் கேட்பது அறிந்தாயா என்று. நம் சொல் கேட்பது உன் வசத்தில் இருந்தாயா என்று. இரண்டும் ஒரே கேள்வி அல்ல. தமிழில் எம்.ஏ. படித்தவளுக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு. பாடநூலில் அடிக்குறிப்பாகப் போட்டேன். பதிப்பாசிரியர் இடமில்லை என்று எடுத்துவிட்டார்.

பார்ஹே அறிந்துதான் செய்தான். கத்தி எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தவன் அவன். அதை வைத்து ஹாம்பர்க் நீதிபதியைத் திட்ட நான் தயாரில்லை. நோயாளியைச் சிறையில் அடைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே இந்தத் துறையின் பெருமை. ஆனால் குத்துப்பட்ட பெண் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஜெர்மனியில் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. வேண்டுமென்றே தன்னைக் குத்தியவனுக்குத் தண்டனையே இல்லாமல் போனது என்று வெளிப்படையாகச் சொன்னார். அது மட்டுமா? கத்திக்குத்து நடந்த சில நாட்களில், அவருடைய தரவரிசையை அப்படியே நிறுத்திவைக்கலாமா என்று முன்னணி வீராங்கனைகளிடம் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் சக வீராங்கனைகள். அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாடினி மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கினார். மன அழுத்தத்திலும், தீராத பசிபோல் தின்றுகொண்டே இருக்கும் நோயிலும் பல வருடங்கள் கழிந்ததை 2009-ல் வந்த தன் நூலில் செலஸ் எழுதியிருக்கிறார். மீள்திறனைப் பாராட்டும் எட்டாவது அத்தியாயத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

இதுவரை எல்லாம் அடுத்தவர் கதை. இனி வருவதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன்.

1993 மே மாதம், திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளில் செலஸின் படத்தைப் பார்த்தேன். செம்மண் தரையில் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோகும் படம். எனக்கு வயது 15. ஒன்பதாவது முடித்து விடுமுறை. பள்ளி அணியில் நான் டென்னிகாய்ட் ஆடினேன். அரசாங்கத் தமிழில் வளையப்பந்து, எங்களுக்கு வெறும் ‘ரிங்’. எதிராளி வீசும் ரப்பர் வளையத்தை ஒரே கையால் பிடித்து, தாமதிக்காமல் திருப்பி வீச வேண்டும். பிடித்துக்கொண்டு யோசித்தால் புள்ளி போய்விடும். மாவட்டப் போட்டி வரை போயிருந்தேன். 

ஜூனில் பத்தாம் வகுப்பு தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் பயிற்சி. அந்த மாதம் ஒரு டி.வி.எஸ். 50 என் சைக்கிளின் பின்னால் வர ஆரம்பித்தது. ஓட்டியவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு வார்த்தை பேசியதில்லை. சிரித்ததில்லை. மைதானத்துக்கு வெளியே கம்பி வேலிக்குப் பின்னால் நிற்பான். பயிற்சி முடிந்ததும் வீட்டுத் தெரு முனை வரை வருவான். திரும்பிவிடுவான். அவ்வளவுதான்.

எட்டாவது அத்தியாயத்தில் ஒரு ஆராய்ச்சி வருகிறது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ், கூடைப்பந்து வீராங்கனைகளின் கண் அசைவை அளந்து 1996-ல் வெளியிட்டார். கை அசைவதற்கு முன் கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் அந்தக் கடைசிப் பார்வை, தேர்ந்தவர்களுக்கு நீளம். பதற்றம் கூடும்போது அந்தப் பார்வை சுருங்குகிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். 2007-ல் மைக்கேல் ஐசங்க் குழுவினர் வைத்த கோட்பாடு இன்னும் தெளிவு: பதற்றப்படும் மனம் செய்யும் காரியத்தை விட்டுவிட்டு, ஆபத்து எங்கிருந்து வரும் என்று தேட ஆரம்பித்துவிடும். இதை மொழிபெயர்த்தபோது எங்கள் பி.டி. டீச்சரின் குரல் கேட்டது. “ஏய், ரிங்கைப் பாரு! வேலில என்ன இருக்கு?” ஜூலையில் நான் வளையத்தைத் தவறவிட ஆரம்பித்திருந்தேன். எதிராளி வீசும் நொடியில் என் கழுத்து தானாகப் பின்னால் திரும்பும். “ஃபார்ம் போயிடுச்சு” என்றார் டீச்சர். அந்த மாதக் கடைசியில், பத்தாவது படிக்கிறேன், விளையாட்டு வேண்டாம் என்று வீட்டில் நானே சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பெண் படிக்கிறேன் என்றால் யார் ஏன் என்று கேட்பார்கள்?

அதற்குப் பிறகு இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றும் நடக்கவில்லையே.

ஏழாவது அத்தியாயத்தின் பிற்பகுதி, பிறரை விடாமல் பின்தொடர்பவர்களைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் பால் முல்லனும் சகாக்களும், மெல்பர்ன் மருத்துவ மையத்துக்கு அனுப்பப்பட்ட 145 பேரை ஆராய்ந்து 1999-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு மைல்கல். பின்தொடர்பவர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்: உதறப்பட்டவர், நெருக்கம் தேடுபவர், பழகத் தெரியாதவர், வன்மம் கொண்டவர், வேட்டைக்காரர். எதைப் பின்தொடர்தல் என்று எண்ணுவது என்பதற்கு அவர்கள் ஓர் அளவுகோல் வைத்தார்கள். குறைந்தது பத்து முறை, குறைந்தது நான்கு வாரம்.

அந்த வாக்கியத்தைத் தமிழில் தட்டச்சு செய்துவிட்டு, என்னை அறியாமல் விரல் விட்டு எண்ணினேன். வாரத்துக்கு மூன்று நாள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி. ஆறு வாரம். மழையில் பயிற்சி நின்ற நாட்களைக் கழித்தாலும் பதினைந்துக்குக் குறையாது. 32 வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம், மெல்பர்ன் கணக்குப்படி நடந்திருக்கிறது. அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை.

சட்டத்தின் கணக்கு வேறு. 1993-ல் இதற்கென்று தனிப் பிரிவே கிடையாது. தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் 1998-ல்தான் வந்தது. பெண்ணைப் பின்தொடர்வது 2013-ல் தண்டனைச் சட்டத்தில் 354-டி பிரிவாகச் சேர்ந்தது. இன்று 78-ம் பிரிவு. அதன்படி, பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்திருக்க வேண்டும். நான் எதையும் காட்டவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதை அவன் வேறு மாதிரிகூடப் புரிந்துகொண்டிருக்கலாம்.

சேமித்து வைத்த சண்டையைப் போட வேண்டிய இடம் இங்கேதான் வந்தது. ‘நெருக்கம் தேடுபவர்’ என்று நான் எழுதியதைப் பதிப்பாசிரியர் ‘ஒருதலைக் காதலர்’ என்று திருத்தி அனுப்பியிருந்தார். 

“அதுதான மேடம் எல்லாருக்கும் புரியும்? பேப்பர்ல அப்படித்தானே போடறாங்க?”

உண்மைதான். பெண்ணின் முகத்தில் ஆசிட் வீசினாலும் ‘ஒருதலைக் காதல் விபரீதம்’ என்றுதான் போடுகிறோம். நானே நிருபராக இருந்த காலத்தில் போட்டிருக்கிறேன். நம் சினிமாவில் கதாநாயகன் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை பின்னால் போனால் பாட்டு வரும். இலக்கணத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. காமம் இன்னதென்று அறியாத இளம்பெண்ணிடம் ஒருவன் தானே பேசி, பதில் பெறாமல் தானே மகிழ்வதைத் தொல்காப்பியர் கைக்கிளை என்கிறார். உயர்ந்த காதலாகிய ஐந்திணையில் அதைச் சேர்க்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் எம்.ஏ. வகுப்பில் இந்தச் சூத்திரத்தை நடத்தியபோது அவனுடைய தவிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். எதிரில் நின்ற சின்னப் பெண் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போது எனக்கு 22 வயது. டி.வி.எஸ். 50 மறந்திருக்கவில்லை.

“தம்பி, அந்தக் கட்டுரையில காதல்ங்கற வார்த்தை இல்லை. அது நோயின் பேரு. நாம காதல்னு போட்டா, பாதிப் பேர் அவன் பக்கம் போயிடுவாங்க” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. “சரி மேடம், உங்க சொல்லையே வச்சுக்கலாம்” என்றார். அடிக்குறிப்பு போனது போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்ஹே இந்த ஐந்தில் எந்த வகை என்று எனக்குத் தெளிவில்லை. அவன் மனத்தில் குடியிருந்தவர் ஸ்டெஃபி. குத்துப்பட்டவர் செலஸ். நேசித்ததாக அவன் நினைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அவன் நன்மை செய்யவில்லை. அதற்குப் பிறகு ஸ்டெஃபி வென்ற ஒவ்வொரு பட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு ‘ஆனால்’ ஒட்டிக்கொண்டது. அவன் 2022-ல் இறந்தான். 2025 பிப்ரவரியில் துபாயில் இங்கிலாந்தின் எம்மா ரடுகானு, தன்னைப் பின்தொடர்ந்து வந்த ஒருவன் பார்வையாளர் வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தின் நடுவே நடுவரின் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கி அழுதார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வர்ணனையாளர்கள் அவர் மனத்திடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போன அன்று இரவு திருச்சிக்கு போன் செய்தேன். அம்மாவுக்கு 74 வயது. காது நன்றாகக் கேட்கிறது, கால்தான் தகராறு. மாத்திரை, மாவு மெஷின், பக்கத்து வீட்டு வழக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டேன்.

“அம்மா, நான் ரிங் ஆடறதை ஏன் விட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

“பத்தாவது படிக்கணும்னு நீதான சொன்ன.”

“ஆமா. வேற ஒண்ணும் உனக்குத் தெரியாதா?”

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“அந்த மொபெட்டுக்காரனா?” என்றாள் அம்மா.

எனக்குப் பேச்சு வரவில்லை. 

“மாடில துணி எடுக்கறப்போ தெரு முனை தெரியும்ல. உன் சைக்கிள் திரும்பும், பின்னாலயே அது வந்து நிக்கும். உங்கப்பாகிட்ட சொல்லல. சொன்னா ரிங்கை மட்டுமா நிறுத்தியிருப்பாரு? ஸ்கூலையே நிறுத்தியிருப்பாரு. நீயா விட்டேன்னு வந்து சொன்னப்போ, சரி, இதோட போச்சுன்னு சாமிக்கு வெளக்கேத்தினேன்.”

“என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ பயந்துருவியே.”

பத்து முறை, நான்கு வாரம் என்று ஒரு கணக்கு இருப்பதைச் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் அப்படி எண்ணி வைத்திருக்கிறார்கள் என்றும், நான் பதினைந்து வரை எண்ணினேன் என்றும் சொன்னேன்.

“பதினேழு” என்றாள் அம்மா.

“எப்படிச் சொல்ற?”

“பால் கணக்கு காலண்டர்ல புள்ளி வச்சுட்டு வந்தேன்டி. உங்கப்பா ஒரு நாள் பாத்துட்டு என்ன இதுன்னாரு. அன்னிக்குப் பால் கெட்டுப் போச்சுன்னு சொன்னேன். மாசக் கடைசியில பால்காரரைக் கூப்பிட்டுப் பதினேழு நாள் கெட்ட பால் குடுத்திருக்கேன்னு சண்டை போட்டாரு, பாவம் அந்த மனுஷன்.”